கணக்கும் மனச்சான்றும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

கரக்பூர் வாழ் தமிழ்ப் பெருமக்களே!

இம்மேடையில் ஆண்டுதோறும் குறளின் பெருமையையும் சிலம்பின் சுவையையும் கற்றறிந்தோர் எடுத்துரைக்கக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அத்தகைய விருந்தின் நடுவே, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ஒரு ரயில்வே குமாஸ்தா கணக்குப் பதிவியலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விருந்துண்ண வந்தவர்க்குக் கசாயம் கொடுப்பது போன்ற செயல்தான் இது. ஆயினும், இந்தச் சங்கத்தின் முன்னிலையில் யான் சொல்லியே தீரவேண்டிய ஒரு செய்தி உண்டு. கணக்கைப் பற்றிப் பேசினால்தான் அதைச் சொல்ல முடியும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் பாட்டனார் பெங்கால் நாகபுரி ரயில்வேயின் பட்டறையில் வேலை தேடி இவ்வூர் வந்தவர். என் தந்தையாரும் அதே பட்டறையில் உழைத்தவர். அவர் பணியிலிருக்கும்போதே மறைந்தமையால், கருணை அடிப்படையில் எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. படிப்பு அத்துடன் நின்றது. ஹிஜ்லித் தடுப்புச் சிறையாக இருந்த கட்டடத்தில் 1951ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நம் ஊரிலேயே இருக்கிறது. அதன் வாயிலைச் சைக்கிளில் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். அத்தகைய கழகத்தின் ஆசிரியரிடம் ஒரு நாள் பாடம் கேட்பேன் என்று கனவிலும் கருதியதில்லை.

அப்படியிருக்க, நாற்பது வயதைக் கடந்த பின் எனக்குக் கணக்குப் படிக்கும் எண்ணம் ஏன் வந்தது? உங்களுள் மூத்தவர்கள் 2016ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் கணக்கு முடித்தபோது, ரொக்கப் புத்தகம் காட்டிய இருப்பைவிடப் பெட்டியில் இருந்த பணம் 7,200 ரூபாய் குறைவாக இருந்தது. அப்போது பொருளாளராக இருந்த பெரியவர் நீண்ட காலம் நம் சங்கத்தைத் தாங்கியவர். மூவர் கொண்ட குழு ஏட்டைக் கூட்டிப் பார்த்தது. கூட்டல் சரியாக இருந்தது. பணம் மட்டும் இல்லை. மறுநாள் அப்பெரியவர் தம் கைப்பணத்தில் 7,200 ரூபாயைக் கொணர்ந்து மேசைமேல் வைத்தார். பொறுப்பை விட்டு விலகினார். வாய் திறந்து அவரைக் குற்றம் சாட்டியவர் ஒருவருமில்லை. அதன்பின் அவர் கையில் ஒரு ரசீதுப் புத்தகம் கொடுத்தவரும் ஒருவருமில்லை. விழாக்களுக்கு வருவதையும் அவர் நிறுத்திக்கொண்டார். அந்தக் குழுவில் ஒருவனாக இருந்தவன் யான். அவருக்குப் பின் பொருளாளர் பொறுப்பும் என்னிடமே வந்தது.

பொறுப்பு வந்ததே தவிர, அறிவு வரவில்லை. வந்ததை இடப்பக்கம் எழுதினேன். சென்றதை வலப்பக்கம் எழுதினேன். ஒவ்வோர் ஆண்டும் கணக்குப் படிக்கையில், "அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது நமக்கும் நேர்ந்தால்?" என்னும் அச்சம் நெஞ்சை அரித்தது. இந்நிலையில்தான், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடி நடத்தும் என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிக் கல்வித் திட்டத்தைப் பற்றி என் மகள் எடுத்துச் சொன்னாள். பாடம் கேட்கக் கட்டணமில்லை. தேர்வெழுத விரும்புவோர் மட்டும் அப்போது 1000 ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நிதிநிலைக் கணக்கியலின் தொடக்கப் பாடத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டேன். பாடம் 12 வாரம். வாரந்தோறும் ஒரு பயிற்சித் தாள். இறுதியில் தேர்வு மையத்தில் கணிப்பொறியின் முன் அமர்ந்து எழுதும் தேர்வு.

வீட்டார் உறங்கிய பின், சமையலறையில் கைப்பேசியைச் செம்பின்மேல் சாய்த்து வைத்துப் பாடம் கேட்டேன். ஆசிரியர் பேசிய ஆங்கிலம் விரைவாக ஓடியது. என் அறிவு பின்னால் நொண்டியது. ஆனால் பேராசிரியரை நிறுத்தி, மீண்டும் சொல்லுமாறு பத்து முறை கேட்டாலும் அவர் சினம் கொள்ளாத வகுப்பறை அது ஒன்றுதான்! சொற்களுக்குப் பொருள் விளங்காதபோது, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பதினோராம் வகுப்புக் கணக்குப் பதிவியல் நூலை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டேன். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், அனாமத்துக் கணக்கு என்று ஒவ்வொன்றும் தமிழில் தெளிவாக நின்றது. கடல் கடந்து பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்ற நகரத்தார் பேரேடும் ஐந்தொகையும் எழுதிய மொழியல்லவா நம் மொழி!

முதல் வாரமே இடறி விழுந்தேன். பணம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுத வேண்டும் என்றார் ஆசிரியர். வந்ததை வரவு என்றே எழுதிப் பழகிய கைக்கு இது தலைகீழ்ப் பாடமாக இருந்தது. வங்கியில் பணம் கட்டினால் வங்கி நம் கணக்கில் வரவு வைக்கிறதே, அது எவ்வாறு என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகுதான் விளங்கிற்று. வங்கி தரும் பாஸ் புத்தகம் நம் ஏடன்று. அது வங்கியின் ஏட்டுப் படி. அங்கே நான் பணம் தந்தவன். வங்கி எனக்குக் கடன்பட்டது. ஆகவே என் பெயரில் வரவு. அதே பணம் என் ஏட்டில் எனக்கு வரவேண்டிய சொத்து, ஆகவே பற்று. ஒரே நிகழ்ச்சியை இரு பக்கத்திலிருந்தும் பார்க்கக் கற்பதே இக்கலையின் அடிப்படை என்பதை அன்று உணர்ந்தேன். சொத்து எவ்வளவோ, அவ்வளவே முதலும் பொறுப்பும் சேர்ந்த தொகை. ஒருபுறம் ஒன்று மாறினால், அதற்கு ஈடாக இன்னொன்று மாறியே தீரும். வெனிஸ் நகரில் 1494ஆம் ஆண்டு லூக்கா பாச்சோலி என்னும் துறவி வெளியிட்ட கணித நூலில் இந்த இரட்டைப் பதிவு முறை அச்சேறியது. அவர் இதைக் கண்டுபிடித்தவர் அல்லர். இத்தாலிய வணிகர் முன்பே கையாண்டு வந்ததை முறைப்படுத்தி எழுதியவர்.

தேய்மானம் என்னும் பாடம் ரயில்வேக்காரனாகிய எனக்கு எளிதாக இருந்தது. 1924ஆம் ஆண்டு ரயில்வே நிதி அரசின் பொது நிதியிலிருந்து பிரிக்கப்பட்டபோதே, தேய்ந்துபோகும் சொத்துகளைப் புதுப்பிப்பதற்கென்று ஒரு நிதியும் ஏற்படுத்தப்பட்டது. தனி ரயில்வே வரவுசெலவுத் திட்டம் 2017ஆம் ஆண்டு பொதுத் திட்டத்தோடு இணைந்துவிட்டது. தேய்மானம் மட்டும் எந்தத் திட்டத்திற்கும் காத்திராமல் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. நம் சங்கத்து ஒலிபெருக்கியும் நாற்காலிகளும் அவ்வாறே தேய்கின்றன. ஆனால் நம் ஏட்டில் அவை வாங்கிய நாளன்றே செலவாகிக் காணாமற் போயின!

பெரியோர்களே, யான் சொல்ல வந்த செய்திக்கு இப்போது வருகிறேன். பிழைகளைப் பற்றிய பாடத்தில் ஆசிரியர் இரண்டு செய்திகளைச் சொன்னார். ஒன்று: இருப்பாய்வின் இரு பக்கமும் ஒத்துப்போவதனால் மட்டும் கணக்கு உண்மையாகிவிடாது. முதற்பதிவிலேயே தொகையைத் தவறாக எழுதிவிட்டால், அத்தவறு இரு பக்கமும் சமமாகச் சென்று அமர்ந்துகொள்ளும். கூட்டல் எத்தனை முறை பார்த்தாலும் அது வெளிப்படாது. பதிவைச் சான்றுச் சீட்டோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். மற்றொன்று: வேறுபாட்டுத் தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபடுமானால், எங்கேனும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பத்தொன்பது தொண்ணூற்றொன்று ஆனால் வேறுபாடு எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு ஒன்பதால் வகுபடும்.

எழுபத்திரண்டு என்று கேட்டதும் கைப்பேசியை நிறுத்தினேன். 7,200 ரூபாய்! அன்றிரவு உறக்கம் வரவில்லை. எனினும் பழைய ஏட்டை எடுக்க உடனே துணிவு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தேர்வு முடிந்து, நூற்றுக்கு 58 மதிப்பெண் பெற்றுத் தேறினேன். 2024ஆம் ஆண்டு சனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் அலமாரியிலிருந்து 2016ஆம் ஆண்டுப் பொங்கல் விழா ரசீதுப் புத்தகங்களை எடுத்து, அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாக ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன். நான்காம் புத்தகத்தில் அது இருந்தது. ஒரு நாள் வசூல், அடிக்கட்டைகளின்படி 1,900 ரூபாய். ரொக்கப் புத்தகத்தில் 9,100 ரூபாய். பணம் ஒரு நாளும் குறையவில்லை. ஏடுதான் கூடுதலாகச் சொல்லியிருந்தது.

அந்தப் பதிவு எவர் கையெழுத்து? அவ்வாண்டு பெரியவருக்குக் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. "தம்பி, உன் எழுத்து அழகாக இருக்கிறது, ஏட்டை நீயே படியெடுத்துத் தா" என்று என்னிடம் கொடுத்திருந்தார். அந்த 9,100 என் கையெழுத்து. பிழை செய்தவன் யான். விசாரித்த குழுவில் அமர்ந்தவன் யான். அவர் பதவியை ஏற்றவனும் யான்.

ஏட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அன்று மாலையே அவர் இல்லத்திற்குச் சென்றேன். கண்ணாடி அணிந்து இரண்டையும் நெடுநேரம் பார்த்தார். "நான் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், தம்பி. ஆனால் பணம் எங்கே போயிற்று என்று காட்டத் தெரியவில்லை. காட்டத் தெரியாதவன் கொடுத்துத்தானே தீரவேண்டும்?" என்றார். சினந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் என் நெஞ்சம் ஆறியிருக்கும். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னபோது, அதைச் சங்கத்துக்கே நன்கொடையாக வைத்துக்கொள்ளலாமே என்று உடன் வந்த நண்பர் கூறினார். பெரியவர் தலையை அசைத்தார். "நன்கொடை வேறு, இது வேறு. நன்கொடை என்று எழுதினால் அன்று நான் எடுத்ததாகவே ஏடு நினைக்கும். முதலில் என் பணம் என்று எழுதிக் கொடுங்கள்" என்றார். கணக்கியலைக் கல்லாத அவர் சொன்னதே சரியான பதிவு. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நம் சங்கம் ஒருவருக்குக் கடன்பட்டிருந்தது. அந்தக் கடன் மட்டும் நம் ஏட்டில் எங்கும் இல்லை.

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் செயற்குழு கூடிப் பதிவைத் திருத்தியது. அவர் பெயரில் 7,200 ரூபாயை வரவு வைத்து, காசோலையாக வழங்கியது. செயற்குழு அறிந்தால் போதாது. அவரை மனத்துக்குள் ஐயுற்ற அனைவரும் அறிய வேண்டும். ஆகவே இந்த மேடையில், உங்கள் அனைவர் முன்னிலையிலும், அப்பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இன்று அவர் முதல் வரிசையில் வந்து அமர்ந்திருக்கிறார். எனக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுவதில்லை.

பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டுதல் நமக்குப் புதிய வழக்கமன்று. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இடப்படக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் ஊரார் கல்லில் வெட்டி வைத்த ஒழுக்கம் அது. ஆனால் கணக்குக் கேட்கும் உரிமை உடையவர்க்கு, கணக்கைப் படிக்கும் அறிவும் இருத்தல் வேண்டும். அறிவின்றிக் கேட்டால், நேர்மையாளரே குற்றவாளி ஆவார். உண்மையில் கையாடியவரோ கூட்டலைச் சரிக்கட்டித் தப்பிவிடுவார். எங்கள் குழுவில் மூவர் இருந்தும் அடிக்கட்டையைப் புரட்டிப் பார்க்கும் அறிவு ஒருவர்க்கும் இல்லையே!

ஆகவே, இளைஞர்களுக்கும் சகோதரிகளுக்கும் இரு வேண்டுகோள்கள். சங்கத்தில் ஆண்டுக்கு இருவரேனும் இத்தகைய தொடக்கப் பாடம் ஒன்றைப் படியுங்கள். தாய்மார்கள் பலர் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் ஏடு எழுதுகின்றனர். அவர்கள் எங்களினும் விரைவாகக் கற்பார்கள். தமிழ்ச் சொற்களில் விளக்க, ஞாயிறுதோறும் மாலையில் யான் சங்கத்தில் காத்திருப்பேன். இரண்டாவதாக, இனி ஆண்டுதோறும் ரொக்க வரவு செலவோடு நில்லாமல், நமக்குள்ள சொத்து எவ்வளவு, பிறர்க்கு நாம் பட்ட கடன் எவ்வளவு என்னும் இருப்புநிலைக் குறிப்பையும் அச்சிட்டு உறுப்பினர் அனைவர்க்கும் தருவோம். படித்துப் பாருங்கள், ஐயம் தோன்றினால் ஆளைப் பார்க்குமுன் அடிக்கட்டையைக் கேளுங்கள்.

சித்திரை முதல் நாளை நாம் புத்தாண்டாகக் கொண்டாடுகிறோம். அதையொட்டி வரும் வைசாக முதல் நாளில் நம் வங்காளச் சகோதரர்கள் கடைதோறும் பூசை செய்து, சிவப்புத் துணி போர்த்த புதிய கணக்கேட்டைத் திறந்து, வாடிக்கையாளர்க்கு இனிப்பு வழங்குகிறார்கள். ஹால்காதா என்பது அதன் பெயர். பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுப் புது ஏட்டைத் திறப்பது அவர்கள் வழக்கம். நம் சங்கமும் ஒரு பழைய பாக்கியைத் தீர்த்திருக்கிறது. இனி நம் புதிய ஏட்டை நிமிர்ந்து நின்று திறக்கலாம்.