செருகியும் செருகுவாயும்



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழும் நம் குடும்பத்தார் தமிழகம் சென்று திரும்புகையில் மிக்சியையோ மாவரைக்கும் கிரைண்டரையோ உடன் கொணர்வது புதிதன்று. இரு நாடுகளிலும் மின்னழுத்தம் 230 வோல்ட். அலைவெண் 50 ஹெர்ட்ஸ். இயந்திரம் ஓடும், முனைதான் சுவரில் நுழையாது. அங்கே மூன்றும் உருண்டை முனைகள். இங்கே மூன்றும் பட்டை முனைகள்.

வடிவம் மட்டும் வேறாயின் எளிது. நம் நாட்டுப் பிளக்கினுள் ஓர் உருகி, அதாவது பியூஸ், இருக்கிறது. இம்முறை பிரித்தானியாவில் 1947இல் வெளிவந்த தரத்தின் வழி வந்தது. செம்புக் கம்பியைச் சிக்கனப்படுத்த ஒரே வளையத்தில் பல இணைப்புகளைத் தந்தனர். வளையத்துக்குரிய காவல் பெரிதாகையால், ஒவ்வொரு கருவிக்கும் தனிக் காவல் வேண்டியதாயிற்று. இந்திய வீடுகளில் அக்காவல் மின்பலகையில் உள்ளது; பிளக்கினுள் ஏதுமில்லை. அதனை வெட்டி எறிந்து நம்முடையதைப் பொருத்துவோர், கடையில் வந்த 13 ஆம்பியர் உருகியை அப்படியே விட்டுவிடுகின்றனர். மெல்லிய கம்பிக்கு அது காவலாகாது. வேறு சிலர், இருமுனைப் பிளக்கை நுழைக்க மேல்துளையில் பேனாவைக் குத்துகின்றனர். அத்துளை நிலத்தொடர்புக்குரியது, நீண்ட முனை அதில் இறங்கினால்தான் மற்றிரு துளைகளின் அடைப்பு திறக்கும். அந்தப் பாதுகாப்பையே பேனா ஏமாற்றுகிறது.

இதில் மொழிக்கு என்ன வேலை என்பீர்கள். தமிழகத்தார் 'பிளக் பாயிண்ட்' என்று சுவரில் உள்ளதைச் சுட்டுவர். பேச்சில் அது 'பிளக்' என்றே குறுகும். நாம் பிளக் என்பது கம்பியின் தலையை. மதுரை உறவினர் தொலைபேசியில் "பிளக்கை மாற்றிவிடு" என்றால் எதை மாற்றுவது? மலாய்மொழி பாலாம், சொக்கெட் என்று இரண்டையும் பிரித்துவிட்டது. நிலத்தொடர்பை அது 'பெம்பூமியான்' என்கிறது. உள்ளே நம் செவிக்குப் பழகிய பூமி இருக்கிறது! இலங்கைத் தமிழர் பாடநூல்களில் சுவிட்சை ஆளி என்றும் பல்பை மின்குமிழ் என்றும் எழுதுகின்றனர்.

தோட்டத்து லயங்களில் மாலையில் சில மணி நேரமே தோட்டத்து இயந்திரம் மின்சாரம் தந்த காலம் ஒன்றுண்டு. போதிய மின்வசதி தருவது முதலாளியின் கடமையென 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் கூறிற்று. பொருளும் பெயரும் வயர்மேன் வாய்வழியே வந்தன. தமிழ் வகுப்பு அவற்றைத் தொடவில்லை.

செருகி, செருகுவாய் என்னும் இரண்டை நான் முன்வைக்கிறேன். தூய்மைக்காக அன்று, பிளக், சாக்கெட் என்றே சொல்லினும் எனக்கு மறுப்பில்லை. இரண்டு பொருளுக்கு இரண்டு பெயர் வேண்டும், அவ்வளவே. ஆசிரியர்கள் அச்சொற்பட்டியலில் நிறங்களையும் சேர்க்கலாம்: பழைய இந்தியக் கம்பியில் சிவப்பு, கருப்பு, பச்சை, இங்குள்ள கருவிக் கம்பியில் முறையே பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். பொருத்தும் வேலை வயர்மேனுடையது; அவரிடம் எதைக் கேட்பது என்பதைப் பாட்டியும் அறிந்திருக்கட்டும்.