பொளிந்த கல்லும் பொருந்திய சுவரும்

பழனி மலைத்தொடரில், கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையில் வெள்ளகவி என்னும் சிற்றூர் உள்ளது. ஊருக்குள் காலணி அணிந்து நடவாமை அவ்வூர் மக்களின் மரபு. மலைச்சாலை அமைவதற்கு முன்னர்ப் பொருள்கள் இத்தகைய பாதைகளின் வழியே மனிதர் தலையிலும் தோளிலும் ஏறின. ஒரு கன அடிக் கருங்கல்லின் எடை ஏறத்தாழ 75 கிலோ. ஆகவே, மலைநாட்டார் கட்டடக் கல்லை அருகிலேயே தேட வேண்டியிருந்தது வியப்பன்று.

அருகில் கல்லுக்குக் குறைவுமில்லை. இம்மலைகள் பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கடும்பாறையால் ஆனவை. தாண்டிக்குடி முதலிய இடங்களில், பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் இட்ட பெருங்கற்காலக் கல்திட்டைகளை இன்றும் காணலாம். செண்பகனூர் ஆங்லாது அடிகளாரும் நியூட்டன் என்பாரும் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. பாறை பிளந்து தந்த வடிவையே அப்பழங்கால மக்கள் பெரிதும் ஏற்றுக்கொண்டனர். கல்லின் பேரெடையே அவர்தம் கட்டடத்தை நிலைநிறுத்தியது.

பின்வந்த கல்தச்சரோ கல்லுக்குத் தாமே வடிவம் தந்தனர். பாறையின்மேல் நேர்கோடாகச் சிறு குழிகள் வெட்டி, அவற்றில் ஆப்புகளை இறக்கிச் சம்மட்டியால் மாறி மாறித் தட்டினால், பாறை அக்கோட்டிலேயே பிளக்கும். பிளந்த கல்லை உளியால் பொளிந்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, முகங்களைச் சமன் செய்வர்.

இத்துணை உழைப்பு எதற்கு? கரடுமுரடான கல் தன் கீழுள்ள கல்லைச் சில புள்ளிகளில் மட்டுமே தொடும். மேலிருந்து வரும் பாரம் முழுவதும் அப்புள்ளிகளில் குவிந்தால் கல் வெடிக்கும். இடைவெளியை நிரப்பச் சாந்தும் மிகுதியாக வேண்டும். பொளிந்த கல்லோ முகம் முழுவதும் படிந்து பாரத்தைப் பரப்புகிறது. ஒவ்வொரு கல்லையும் கீழ்வரிசையின் இரு கற்கள்மீது படியுமாறு வைப்பதால், செங்குத்தான இணைப்புகள் ஒரே கோட்டில் அமைவதில்லை. விரிசல் ஓடவும் வழியில்லை.

இக்கலையின் சிகரம் தஞ்சைப் பெருவுடையார் கோயில். கருங்கற்பாறை இல்லாத வண்டல் நிலத்தில், தொலைவிலிருந்து கல் கொணர்ந்து, முதலாம் இராசராசன் 1010-இல் அதனை நிறைவு செய்தான். ஏறத்தாழ 200 அடி உயர்ந்த அவ்விமானத்தின் கற்கள் சாந்தின்றி அடுக்கப்பெற்றவை. மேல்வரிசைகள் சிறிது சிறிதாக உள்நோக்கி நீண்டு, உச்சியை நோக்கிக் குறுகிச் செல்கின்றன.

மாணவ நண்பர்களே, சுவரில் நம் கண்ணுக்குத் தெரிவது கல்லின் ஒரு முகமே. சுவரைத் தாங்குவன மறைந்திருக்கும் முகங்கள். எவரும் காணாத அம்முகங்களைத் தச்சன் நேர்மையாகப் பொளிந்தமையால்தான் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் கோயில் நிற்கிறது.

ஒவ்வொரு கல்லும் தன் இடத்துக்கென்றே பொளியப்பட்டது. ஆதலின், பழுதுபார்க்கக் கழற்றும்போது கற்களுக்கு எண்ணிட்டு, மீண்டும் அவ்வவ்விடத்திலேயே வைப்பர். மலைமேலுள்ள கல்திட்டைகளுக்கு அத்தகைய காவல் எப்போதும் வாய்த்ததில்லை. புதையல் ஆசையால் சிதைந்தவை பல. அங்குச் செல்லும்போது கண்டு மகிழுங்கள், அளந்து எழுதுங்கள், ஒரு கல்லையும் பெயர்க்காதீர்கள். பெயர்த்த கல்லின் பழைய இடத்தைச் சொல்ல அங்கே எண்கள் இல்லை.