தூங்க மல்லாந்து, விளையாடக் குப்புற

கைக்குழந்தை உள்ள வீடுகளில் இன்று ஒரு குழப்பம் இருந்து வருகிறது. "பிள்ளையைக் கொஞ்ச நேரம் குப்புறப் போடம்மா, கழுத்து நிற்க வேண்டாமா?" என்கிறார் பாட்டி. "குப்புறப் போடவே கூடாதென்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள், அத்தை" என்கிறாள் மருமகள். இவ்விருவரில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பாட்டி நினைப்பது குழந்தை விழித்திருக்கும் நேரத்தை. கிளினிக்கில் சொன்னது குழந்தை தூங்கும் நேரத்தை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் தூக்கத்தைப் பார்ப்போம். ஒரு வயது நிரம்பாத குழந்தையை, பகலானாலும் இரவானாலும், மல்லாக்கப் படுக்க வைத்தே தூங்கச் செய்ய வேண்டும். நன்றாக இருந்த குழந்தை தூக்கத்தில் திடீரென்று இறந்துபோகும் கொடுமை, குப்புறத் தூங்கும் குழந்தைகளிடம் அதிகமாக நிகழ்வதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஆகவே 1992ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம், குழந்தைகளைக் குப்புறத் தூங்கவிட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அதன்பின் பத்தாண்டுகளில் அந்நாட்டில் இத்தகைய இறப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. எனவே இந்த அறிவுரையை ஒருபோதும் தளர்த்தக் கூடாது.

ஆனால், இதைக் கேட்ட பெற்றோர் பலர், விழித்திருக்கும் குழந்தையைக்கூடக் குப்புற விட அஞ்சுகிறார்கள். நாள் முழுவதும் மல்லாந்தே கிடக்கும் குழந்தைக்குப் பின்தலை தட்டையாகிவிடலாம். அதற்காகத் தலையைக் கையால் அழுத்தி உருட்டிவிட வேண்டாம். விழித்திருக்கும்போது தலையின் பாரம் பின்புறத்தில் விழாமல் பார்த்துக்கொள்வதே நல்லது.

குப்புற இருப்பதால் வேறொரு பெரிய நன்மையும் உண்டு. பிறந்த குழந்தையின் தலை, அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அந்தப் பாரத்தைத் தூக்கிப் பார்க்க முயலும்போதுதான் கழுத்து வலுப்பெறுகிறது. பிறகு தோள், முதுகு, கை என்று ஒவ்வொன்றாக உறுதிப்படுகின்றன. புரளுவதற்கும், உட்காருவதற்கும், தவழுவதற்கும் வேண்டிய வலிமை இவ்வாறுதான் சேர்கிறது.

நம் முன்னோர் இதைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழில் காப்புப் பருவத்தை அடுத்து வருவது செங்கீரைப் பருவம். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றி, தலை நிமிர்ந்து ஆடும் ஐந்தாம் மாதக் குழந்தையின் பருவம் அது. குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டி, நீட்டிய தன் கால்கள்மேல் அதைக் குப்புறக் கிடத்தி முதுகுக்கு நீர் வார்ப்பதும் நம் வீடுகளில் வழக்கந்தானே! அந்தச் சில நிமிடங்களும் குழந்தைக்குப் பயிற்சியே.

இனி, செய்யும் முறையைச் சொல்கிறேன். பிறந்த முதல் சில நாட்களிலேயே தொடங்கலாம். நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். தூங்கி எழுந்த பிறகோ, துணி மாற்றிய பிறகோ செய்யலாம். வயிறு நிறையப் பால் குடித்தவுடன் வேண்டாம். பிறகு நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இன்னும் தவழத் தொடங்காத குழந்தை, விழித்திருக்கையில் நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடமாவது குப்புற இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு கூறியது. ஒரே மூச்சில் அன்று. பல தடவையாகப் பிரித்துத்தான்.

தரையில் பாயை விரித்து, அதன்மேல் சுத்தமான துணியைப் போட்டுக் கிடத்துங்கள். மெத்தென்ற கட்டிலும் தலையணையும் ஆகா. நீங்களும் எதிரே படுத்து, முகத்தைக் காட்டிப் பேசுங்கள், கிலுகிலுப்பையை ஆட்டுங்கள். அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்காகவே குழந்தை தலையைத் தூக்கும். அழுதால் தூக்கிக்கொள்ளுங்கள், சற்று நேரம் கழித்து மறுபடியும் விட்டுப் பாருங்கள். தரையில் கிடக்க மறுக்கும் குழந்தையை, நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து உங்கள் மார்பின்மேல் குப்புறக் கிடத்தலாம். தகப்பனாரும் இதைச் செய்யலாம். ஆனால் ஒன்று: குழந்தை குப்புற இருக்கும்போது பெரியவர் ஒருவர் விழிப்புடன் அருகிலேயே இருக்க வேண்டும். குழந்தை கண்ணயர்ந்தால் உடனே மல்லாக்கப் படுக்க வைத்துவிடுங்கள்.

முன்பு தோட்டத்து ஆயாக் கொட்டகைகளில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கின. தாய்மார் பால்மரம் வெட்டப் போன காலத்தில் அதற்குத் தேவை இருந்தது. இன்று அடுக்குமாடி வீடுகளில் சாரோங் தொட்டிலும், சாய்வு நாற்காலியும், சக்கரம் வைத்த நடைவண்டியும் இருக்கின்றன. இவற்றில் அடைந்து கிடக்கும் குழந்தைக்குக் கையூன்றி நிமிர வாய்ப்பில்லை. குழந்தையை உள்ளே உட்கார வைக்கும் நடைவண்டி சீக்கிரம் நடக்கக் கற்றுத் தருவதுமில்லை. படிக்கட்டில் உருண்டு விபத்தும் உண்டாக்குகிறது. கனடா நாடு 2004ஆம் ஆண்டு அதன் விற்பனைக்கே தடை விதித்தது. பழங்காலத்து மரவண்டியைப் போலக் குழந்தை தானே நின்று தள்ளிப் போவது வேறு.

எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் ஒன்றைச் செய்வதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு வருந்த வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே மாதத்தைக் கணக்கிட வேண்டும். ஆயினும், நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லை, எப்போதும் ஒரே பக்கமாகவே திரும்புகிறது, ஒரு கையை மட்டும் அசைப்பதில்லை, உடல் விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறது என்றால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் தொடங்கும் பயிற்சியே அதிகம் பயன் தரும்.

நேயர்களே, இதற்குக் காசு செலவில்லை. வேண்டியது ஒரு பாயும், உங்கள் நேரத்தில் சில நிமிடங்களுமே. பாட்டியும் மருமகளும் இனி வாதிட வேண்டியதில்லை. தூங்க மல்லாந்து, விளையாடக் குப்புற. இதை மட்டும் வீட்டில் அனைவரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.