எஸ்தோனிய நாட்டுப் பந்தாட்டக்காரர் ஒருவர்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளையாட்டைப் பற்றிப் பேசும்படி நமது செயலாளர் என்னைக் கேட்டபோது, கிண்ணங்கள் பல வென்ற மாவீரர் ஒருவருடைய சரித்திரத்தையே நான் எடுத்து வருவேன் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். மாவீரரைப் பற்றிப் பேசுதற்குப் பலர் உளர். நான் இன்று பேச எடுத்துக்கொண்டவரோ வாங்கிலே காத்திருந்து, கூப்பிட்டபோது எழுந்து ஆடி, அனுப்பியபோது பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட ஒரு கூடைப்பந்தாட்டக்காரர். பெயர் மார்ட்டின் மூர்செப். எஸ்தோனியாவின் தலைநகராகிய தாலினில் 1974ஆம் ஆண்டு பிறந்தவர்.

எஸ்தோனியா பின்லாந்துக்குத் தெற்கே, பால்டிக் கடலோரத்திலுள்ள சிறு நாடு. சனத்தொகை ஏறத்தாழப் பதின்மூன்று இலட்சம். 1918இல் சுதந்திரம் பிரகடனஞ் செய்து, 1940இல் அதனை இழந்து சோவியத் ஒன்றியத்துள் அடக்கப்பட்டு, 1991 ஆகஸ்டில் மீண்டும் தன் காலில் நின்ற நாடு. இச்சிறு நாட்டாருக்குக் கூடைப்பந்தாட்டத்தின் மீதுள்ள மோகம் சொல்லுந்தரமன்று. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கிலே இவ்விளையாட்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, தொடக்க ஆட்டத்தில் ஆடியவர்கள் எஸ்தோனியரும் பிரெஞ்சுக்காரருமே. எஸ்தோனியர் 34க்கு 29 என்ற கணக்கில் வென்றனர். இந்த விளையாட்டை 1891இல் உண்டாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் பெரியாரும் அங்கே வந்திருந்தார்.

பின்னர் அந்நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் வேறொரு கொடியின் கீழ் ஆட நேர்ந்தது. 1952இல் ஹெல்சிங்கியில் வெள்ளிப் பதக்கம் பெற்ற சோவியத் கோஷ்டியில் இல்மார் குல்லம் முதலிய எஸ்தோனியர் இருந்தனர். 1988இல் சியோலிலே தங்கம் பெற்ற கோஷ்டியில் தீட் சோக் இருந்தார். 1991இல் தாலின் நகரத்துக் காலெவ் கழகம் சோவியத் நாடு முழுவதற்குமான பட்டத்தையே வென்றது. (காலெவ் என்பது அவர்களுடைய தேசிய இதிகாசத்தில் வரும் பெயர்.) அந்த ஆண்டு முடியுமுன் சோவியத் ஒன்றியமே இல்லாமற் போயிற்று. வென்ற பட்டத்தை மறுமுறை வெல்ல அந்த நாடு இல்லை!

சுதந்திரம் வந்தது, ஆனால் பதின்மூன்று இலட்சம் பேருள்ள நாட்டில் பந்தாடிச் சீவனம் பண்ணுதல் எளிதன்று. ஆகையால் கெட்டிக்காரர் கடல் கடந்தனர். காலெவ் கழகத்திலிருந்து புறப்பட்ட மூர்செப் மற்றெல்லாரிலும் தூரமாகச் சென்றார்.

அமெரிக்கத் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை கழகங்கள் முறை வைத்து இளைஞரைத் தெரிந்தெடுக்கும். 1996 யூன் மாதத்தில் அலன் ஐவர்சன் முதலாவதாகவும், கோபி பிரயன்ட் பதின்மூன்றாவதாகவும், ஸ்டீவ் நாஷ் பதினைந்தாவதாகவும் எடுக்கப்பட்டனர். இருபத்தைந்தாவதாக உட்டாக் கழகம் மூர்செப்பின் பெயரைச் சொல்லிற்று. எஸ்தோனியர் ஒருவருக்கு இது கிடைத்தது அதுவே முதன்முறை. ஆயின் பெயர் வாசித்த அன்றே உட்டா அவரை மியாமிக்குக் கைமாற்றிவிட்டது. உட்டாவின் சட்டையை அவர் ஓர் ஆட்டத்திலும் அணிந்தாரில்லை.

மியாமியில் அவர் ஆடியது சில ஆட்டங்களே. 1997 பெப்ரவரி 14ஆந் திகதி, ஜமால் மாஷ்பேண் என்னும் ஒருவரைப் பெறுவதற்காக மியாமி மூவரை டலஸ் கழகத்துக்குக் கொடுத்தது. அம்மூவரில் மூர்செப் ஒருவர். டலசில்தான் அவருக்கு ஓரளவு நிலையான இடம் கிடைத்தது. இரண்டு கழகங்களிலும் சேர்த்து எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். 1998 யூனில் டலஸ் அவரையும், வேறு சிலரையும், வருங்காலத் தெரிவுரிமை ஒன்றையும் சேர்த்துப் பீனிக்சுக்குக் கொடுத்து ஸ்டீவ் நாஷை வாங்கிக்கொண்டது. அந்த நாஷ் பின்னர் 2005இலும் 2006இலும் அச்சங்கத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார் என்றால், தராசின் மறுதட்டில் இருந்தவரை யார் நினைப்பார்?

அவ்வாண்டு முதலாளிமாருக்கும் ஆட்டக்காரருக்கும் ஊதியப் பிணக்கு மூண்டு மைதானங்கள் பூட்டிக் கிடந்தன. 1999 சனவரியில் பூட்டுத் திறந்ததும் பீனிக்ஸ் அவரைச் சிக்காகோவுக்கு அனுப்பியது. மைக்கேல் ஜோர்டன் விலகி, சிக்காகோவின் பழைய கோஷ்டி கலைந்துகொண்டிருந்த நேரம் அது. சிக்காகோவும் அவரை ஆடவிடாமலே விடுவித்தது. இவ்வாறு மூன்று ஆண்டுக்குள் ஐந்து கழகங்களின் புத்தகத்தில் பெயர் ஏறிற்று; ஆடியது இரண்டுக்கு மாத்திரம்.

இதைக் கேட்ட நம் இளைஞர் ஒருவர், "ஐயா, இது சந்தையில் மாடு மாற்றுவது போலல்லவா இருக்கிறது?" என்றார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. அங்கே ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஆகவே ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்கும்போது இருபக்கத்து ஊதியமும் பெரும்பாலும் ஒத்திருத்தல் வேண்டும். அப்போது தட்டைச் சமப்படுத்தப் படிக்கல்லாகச் சேர்க்கப்படுபவர்கள் மூர்செப் போன்றவர்கள். சம்மதமும் கேட்பதில்லை. முதற் சுற்றில் தெரிவானவர்களுக்கு அட்டவணைப்படி மூன்று ஆண்டு ஒப்பந்தம் இருந்தது. ஆகவே பணத்துக்குக் குறைவில்லை என்று சிலர் சமாதானம் சொல்வர். பணம் பெரிதென்று எனக்குத் தோன்றவில்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிலே ஒரே ஆசானிடம் நின்று கற்கவேண்டிய காலம் பிரயாணத்தில் கழிந்ததே, அதுவே நட்டம்.

ஆயினும் "அவர் தோற்றுப் போனார்" என்று அந்த இளைஞர் முடித்தபோது நான் ஒப்பவில்லை. எஸ்தோனிய மொழியிலே மூர் என்றால் மதில். செப் என்றால் கம்மியன். மூர்செப் என்றால் கொத்தனார் என்றே பொருள். பெயர்ப் பொருத்தம் பார்த்து மகிழ்கிறவன் அல்லன் நான்; எனினும் இது என்னை விடவில்லை. நம் ஊர்க் கொத்தனாரைப் பாருங்கள். அழைத்த வளவுக்குப் போகிறார், மதில் எழுப்புகிறார், கூலி வாங்கிக்கொண்டு அடுத்த வளவுக்குப் போகிறார். அந்த வீட்டிலே குடியிருக்கவில்லை என்பதற்காக அவரைத் தோற்றவர் என்று எவரும் சொல்வதில்லை.

அமெரிக்காவை விட்ட பின்பு மூர்செப் சும்மா இருந்தாரில்லை. கிரேக்கத்திலும் ருஷ்யாவிலும் கழகம் மாறிக் கழகமாகப் பல ஆண்டு ஆடினார். புதிய பாஷை, புதிய பயிற்றுநர், பருவம் முடிய அடுத்த ஒப்பந்தம் வருமோ வராதோ என்ற ஏக்கம். கூலிக்கு ஆடும் எவருக்கும் இவையே வாழ்க்கை. எஸ்தோனியாவின் தேசியச் சட்டையையும் அணிந்து ஆடினார். கடைசியில் தன் நாட்டுக்கே திரும்பிப் பயிற்றுநரானார். தாலினுக்குக் கிழக்கேயுள்ள ராக்வெரே என்னும் சிற்றூரின் கோஷ்டியையும் அவர் பயிற்றுவித்தார். அங்கே அவரிடம் பந்து பிடிக்க வந்த பையன்களில் நாளைக்குப் பெட்டி கட்டப்போகிறவர்களும் இருந்திருப்பார்கள்.