அப்பா இல்லாத டிராகன், ஜோடி கிடைக்காத பூ

இன்னைக்கு இந்தோனேசியாவுலேர்ந்து ரெண்டு பேர். ஒருத்தர் கொமோடோ டிராகன். உலகத்துலயே பெரிய பல்லி, நம்ம ஊர் உடும்போட சொந்தக்காரர். இன்னொருத்தர் சுமத்ரா காட்டுல மட்டும் இயற்கையா வளர்ற டைட்டன் ஆரம், அதாவது பிண மலர். இவர் நம்ம சேனைக்கிழங்குக்குச் சொந்தம்!

டிராகன் நீளம் 3 மீட்டர் வரை போகும். பூவோட உயரமும் அப்படித்தான். டிராகன் பிண வாடையைத் தேடிப் போகும். பூ பிண வாடையைக் கிளப்பி, வண்டையும் ஈயையும் வரவழைக்கும். டிராகன் உடம்பு சூடேற வெயில் காயணும். பூவோட நடுத்தண்டு ராத்திரியில தானே சூடாகும், கிட்டத்தட்ட நம்ம உடம்புச் சூடு அளவுக்கு. அந்தச் சூடுதான் வாடையைக் காத்துல பரப்புது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வித்தியாசம் வேற. 2006-ல இங்கிலாந்தின் செஸ்டர் உயிரியல் பூங்காவுல, ஃப்ளோரா என்கிற பெண் டிராகன் முட்டை போட்டுச்சு. அது ஆண் டிராகனோட சேர்ந்ததே இல்லை. மரபணுவைச் சோதிச்சா, கருவுக்கு அப்பாவே கிடையாது!

பிண மலருக்குள்ள ஆண் பூ, பெண் பூ ரெண்டுமே நூற்றுக்கணக்குல இருக்கு. ஆனா முதல் ராத்திரி பெண் பூ தயாராகும். மகரந்தம் வர்றதுக்குள்ள அதோட நேரம் முடிஞ்சிடும். அதனால அதே சமயத்துல பக்கத்துல இன்னொரு செடி பூத்திருக்கணும். ஒரு செடி முதல்முறை பூக்கவே பல வருஷம் ஆகும்.

அப்போ டிராகன்தான் கெட்டிக்காரரா? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா, அப்படித் தனியா வர்ற குஞ்சுகள் எல்லாமே ஆண். ஒரு தீவுல அந்தத் தாய் மட்டும்தான்னா, அடுத்த தலைமுறைக்கு மகனோடதான் சேரணும். மரபணு வகை சுருங்கும். ஒரு நோய் வந்தா மொத்தக் கூட்டமும் தாங்காம போகலாம்.

ரெண்டுமே இன்னைக்கு அழியும் ஆபத்துல இருக்கு. தாவரவியல் தோட்டங்கள் பிண மலரோட மகரந்தத்தைக் குளிர்ல வெச்சு, இன்னொரு ஊர்ல பூக்கிற செடிக்கு அனுப்புறாங்க. காட்டுல அந்த வேலையைச் செய்யறது வண்டு. மரத்தை வெட்டிக் காட்டைத் துண்டு துண்டாக்கினா, அது எவ்வளவு தூரம்தான் பறக்கும்?

அடுத்த தடவை சேனை வறுவல் சாப்பிடும்போது, சுமத்ராவுல ஜோடிக்காகக் காத்திருக்கிற அதோட சொந்தக்காரரைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.