விரல் கறுப்பதற்கு முன்னால்

(மாணவர் சந்திப்பொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீங்க. இன்னைக்கு ஒரு கால்விரலைப் பத்திப் பேசிக்கிறேன். வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மனுசங்களோட கட்டைவிரல் ரேகை தெரியும். கால் தெரியாது.

விரல் கறுத்து, வத்தலாட்டம் சுருங்கி, மரத்துப்போய் இருக்கும். இதை உலர் அழுகல் என்கிறார்கள். பேருதான் அழுகல், சீழும் நாத்தமும் இருக்காது. காலுக்குப் போகிற ரத்தக்குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அடைபடுகிறது. ரத்தம் வராத சதை செத்து, ஈரம் வற்றிப்போகிறது. ரத்தத்தில் இருக்கிற இரும்பு கந்தகத்தோடு சேர்ந்து கறுப்பாகிறது. அந்தக் கறுப்பு அவ்வளவுதான். அழுக்கும் இல்லை, செய்வினையும் இல்லை, போன ஜென்மத்துப் பாவமும் இல்லை.

நாம விரலையே பார்த்துக்கிட்டிருக்கோம். வியாதி மேலே குழாயில் இருக்கிறது. அது ரொம்ப முன்னாடியே சொல்லவும் செய்கிறது. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்; நின்றால் விட்டுவிடும். மூட்டை தூக்குகிறவர் இதை அசதி என்று நினைத்து உட்கார்ந்து இன்னொரு பீடி பற்றவைக்கிறார். அடுத்தது ராத்திரி வலி. காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால்தான் தூக்கம். அப்பத்தான் கொஞ்சம் ரத்தம் இறங்குது. இதெல்லாம் தாண்டித்தான் விரல் கறுக்கிறது. சர்க்கரை வியாதியில் நரம்பும் மரத்துப்போவதால் இந்த வலிகூடத் தெரியாமல் போகலாம்.

அந்த பீடியைச் சும்மா சொல்லவில்லை. 1908இல் நியூயார்க்கில் லியோ பர்கர் என்ற மருத்துவர், வெட்டியெடுத்த கால்களின் குழாய்களை ஆராய்ந்து ஒரு நோயை விவரித்தார். இன்றைக்கும் அவர் பேர்தான் அதற்கு. பெரும்பாலும் 45 வயதுக்குள் இருக்கிற, புகை பிடிக்கிற ஆண்களுக்கு வருவது. நம்ம பக்கம் பீடி குடிக்கிறவர்களிடம் அதிகம் பார்க்கிறார்கள். புகையிலையை அடியோடு விட்டால் நோய் நிற்கும். குறைத்துக்கொண்டால் நிற்காது. ஒருநாளைக்கு ஒன்றுகூடக் கூடாது.

காலில் ரத்தம் ஓடுதான்னு பார்க்க முதல் கருவி விரல்தான். புறங்காலில் ஒரு நாடி, உள்கணுக்காலுக்குப் பின்னால் ஒரு நாடி. ரெண்டு விரல் வைத்துத் தொட்டுப் பார்க்கணும். அதாவது, சேறும் வெடிப்புமான ஒரு கூலிக்காரரின் காலை ஒருத்தர் கையால் தொடணும். மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே வலி மாத்திரை எழுதிக் கொடுக்கிறவருக்கு இந்த நோய் கண்ணில் படவே படாது. யார் காலை யார் தொடுவது என்பது நமக்குப் புதுக் கேள்வியா? இங்கே அதற்கு விலை ஒரு கால். "டாக்டர், கால் நாடியைப் பாருங்க" என்று கேட்கக் கத்துக்கொடுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடச் சொல்லலாம். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு.

வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீங்க. உணர்ச்சியில்லாத கால் வெந்து போகும். கறுத்த விரலை ஊறவைக்கக் கூடாது, பச்சிலை அரைத்துக் கட்டக் கூடாது. ஈரம் பட்டுக் கிருமி புகுந்தால் ஈர அழுகலாகிவிடும். வீக்கம், நாத்தம், காய்ச்சல் வரும். அப்புறம் காலோடு போகாது, உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே ஓடணும்.

செத்த விரலைத் திருப்பித் தர யாராலும் முடியாது. ஆனால் அடைப்பை நீக்கியோ மாற்றுக்குழாய் வைத்தோ பாதத்தைக் காப்பாற்ற வழியிருக்கிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைக்கென்றே தனித்துறை உண்டு. கெண்டைக்கால் பிடிக்கும்போதே அங்கே கூட்டிக்கிட்டுப் போங்க.