பாட்டுக்குப் போலீஸ் சீட்டு!



மது விற்குமிடத்துக்கு விதிமுறை வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பவன் நான். தீப்பிடித்தால் வெளியேற வழி எது, எத்தனை மணிக்கு விளக்கணைப்பது, அண்டை வீட்டுக் குழந்தை உறங்க வேண்டாமா என்றெல்லாம் கேட்கும் உரிமை நகராட்சிக்கு உண்டு. கேளாதிருப்பின் அதுவே குற்றம். ஆனால், கோப்பையை அளக்க வந்த கோல், பாடுவோன் குரல்வளையையும் அளக்கத் தொடங்கினால்? வாயிலில் நிற்க வேண்டிய சட்டம் மேடையேறி, நீ பாடலாம், நீ பாடலாகாது என்று தீர்ப்புக் கூறத் துணிந்தால்? அங்ஙனம் துணிந்த ஒரு நகரத்தின் கதையைச் சொல்லவே வந்தேன்.

நகரம், நியூயார்க். ஆண்டு, 1926. அமெரிக்க நாடெங்கும் அப்போது மதுவிலக்கு! 1920 முதல் 1933 வரை சட்டப் புத்தகத்திலே சாராயமில்லை. சந்து பொந்துகளிலே அதற்குப் பஞ்சமில்லை. மேயராக வீற்றிருந்தவர் ஜிம்மி வாக்கர். இரவுக் கேளிக்கைகளில் அவர் கொண்ட ஈடுபாடு கண்டு, 'இரவு மேயர்' என்றே ஊரார் அழைத்தனர். ஊழல் விசாரணையின் வெப்பம் தாளாமல் 1932-இல் பதவி துறந்தவரும் அவரே! அந்த உத்தமரின் ஆட்சியிலேதான் 'காபரே சட்டம்' பிறந்தது. உணவோ பானமோ விற்கும் பொது இடத்திலே இசையா, பாட்டா, ஆட்டமா? உரிமம் எங்கே, எடு என்றது சட்டம்.

ஹார்லெம் பகுதியிலே கருப்பின மக்களின் ஜாஸ் இசை கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஒரே தளத்தில் வெள்ளையரும் கருப்பரும் கைகோத்து ஆடினர்; கண்டு முகம் சுளித்தோர் பலர். சட்டத்தின் எழுத்திலே நிறமில்லை. ஆனால், அது யார் முதுகிலே விழுந்தது என்று பாருங்கள், தோழர்களே!

1940-இல் அடுத்த அடி. விடுதிக்கு மட்டும் உரிமம் போதாது. அங்கே பாடுவோனும் பரிமாறுவோனும் போலீசாரிடம் சென்று, மையிலே விரல் தோய்த்து, ரேகை பதித்து, அட்டை பெற வேண்டும் என்றனர். குற்றவாளிக்கு எடுப்பது ரேகை, குழலூதுவோனுக்கும் அதுவா? பிராங்க் சினாட்ரா அந்த அட்டைக்குக் கைநீட்ட மறுத்துவிட்டார். அவருக்குத் திரைப்படமிருந்தது, செல்வமிருந்தது, மறுக்க முடிந்தது. அன்றாடம் வாசித்து அன்றாடம் உண்பவன் என் செய்வான்?

பில்லி ஹாலிடே என்ற பாடகியை எண்ணிப் பாருங்கள். போதை மருந்து வழக்கிலே 1947-இல் சிறை சென்றார். தண்டனையை அனுபவித்து 1948-இல் வெளிவந்தார். வந்த சில நாட்களிலேயே கார்னகி மண்டபத்தில் பாடினார். அரங்கு நிரம்பி வழிந்தது. ஆனால், மது விற்கும் சிறு விடுதியிலே பாட முடியாது, அட்டை பறிபோயிற்று! ஆயிரக்கணக்கானோர் முன் பாடினால் கெடாத ஒழுக்கம், நூறு பேர் முன் பாடினால் கெட்டுவிடுமாம்! ஜாஸ் கலைஞருக்கோ அந்தச் சிறு விடுதிகளே அன்றாடச் சோறு. நீதிமன்றம் அளித்த தண்டனை முடிந்தது. போலீஸ் மேசை அளித்த தண்டனை முடியவில்லை. 1959-இல் அவர் மறைந்தார். அட்டை முறை ஒழிந்ததோ 1967-இல்!

தெலோனியஸ் மங்க், பியானோ மேதை. 1951-இல் அட்டை பறிக்கப்பட்டது. 1957-இல் அது திரும்பக் கிடைத்து, 'பைவ் ஸ்பாட்' விடுதியிலே அவர் வாசித்தபோது நகரமே திரண்டு வந்து கேட்டது. இடையிலே போன ஆண்டுகளை எந்த நகராட்சி திருப்பிக் கொடுக்கும்?

அட்டை ஒழிந்த பின்னும் விதி ஒழியவில்லை. உரிமமில்லா விடுதியிலே மூவர் வரை வாசிக்கலாமாம்; அதுவும் பியானோ, கிதார், வயலின் போன்றவை மட்டுமே! முரசு கூடாது, டிரம்பெட் கூடாது, சாக்ஸபோன் கூடாது. புரிகிறதா தோழர்களே? வீணைக்கு வழி உண்டு, பறைக்கு வழி இல்லை என்று நம் ஊரிலே ஒருவர் சொன்னால் அதன் பொருளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓசைதான் கவலையென்றால் ஓசையை அளந்திருக்கலாமே. கருவியின் குலம் பார்ப்பானேன்? இசைவாணர்கள் வழக்காடினர். 1986-இலும் 1988-இலும் நீதிமன்றம் அந்த விதிகளை வீழ்த்தியது.

எஞ்சியது ஆட்டத்துக்கான தடை. 1990-களில் மேயர் ஜூலியானி, தூங்கிக் கிடந்த சட்டத்தைத் தட்டியெழுப்பினார்; சோதனை, அபராதம், பூட்டு! விடுதிகளிலே 'ஆடாதீர்' என்று பலகை தொங்கிற்று. பொழுதுபோக்குக்காக ஆடும் ஆட்டம் அரசியல் சட்டம் காக்கும் கருத்துரிமையில் சேராது என்று 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூறிற்று. கருத்துரிமை காலிலே இல்லையாம்!

நம்மவருக்கு இது புதுமையா? நாடகமெழுதிப் பிழைப்பவன் நான். 1954-ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் இங்கே எழுதுவோனின் ஏட்டைக் காவலர் கையிலே ஒப்படைத்தது. அதன் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் வீழ்த்த 2013 வரை காத்திருந்தோம். ஆகவே நியூயார்க்கைப் பார்த்து நகைக்கும் தகுதி நமக்கு அவ்வளவாக இல்லை.

2017-இல் அங்கே கணக்கெடுத்தபோது, சுமார் 25,000 உணவு, மது விடுதிகளுள் காபரே உரிமம் பெற்றிருந்தவை 97 மட்டுமே. மற்ற இடங்களிலே யாரும் ஆடவில்லை என்றா நினைக்கிறீர்கள்? ஆடினர். பிடிக்க வேண்டியவரை அதிகாரி பிடித்தார், விட வேண்டியவரை விட்டார். எல்லோரும் மீறும் சட்டம் எவன் கையிலே இருக்கிறதோ, அவன் கையிலே எல்லோருடைய குடுமியும் இருக்கிறது.

அவ்வாண்டு அக்டோபர் 31-இல் நகர மன்றம் கூடியது. நீக்குக என்றோர் 44 பேர்; எதிர்த்தவர் ஒரே ஒருவர். 91 ஆண்டுச் சட்டம் சாய்ந்தது. பெரிய கூடங்களிலே கண்காணிப்புக் கருவியும் பயிற்சி பெற்ற காவலாளும் வேண்டும் என்ற விதிகளை மட்டும் வைத்துக்கொண்டனர், அது முறை. ஆயினும் எந்தத் தெருவிலே ஆடலாம், எந்தத் தெருவிலே ஆடலாகாது என்ற நிலப் பயன்பாட்டு விதிகள் வேறொரு புத்தகத்தின் பக்கங்களிலே ஒளிந்து கிடந்தன. அவற்றைத் தேடித் திருத்த 2024 ஆயிற்று.